ரயிலை நிறுத்தியது யார்?

1

பெங்களூருக்கு வந்து இந்த நிறுவனத்தில் சேர்ந்து இருபது வருடம் முடிந்த அன்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "திரு. செல்வி அவர்களின் இருபதாண்டுப் பயணத்துக்கு வாழ்த்துகள்" என்று, என்னை ஆணாக்கி ஆரம்பித்தது. மேசையில் ஒரு தொட்டிச்செடியும் இருந்தது. இலையைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்.

நம் ஊர் ஜோலார்பேட்டையில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டரை மணி நேர ரயில் தூரத்தை வெளியூர் வாழ்க்கை என்று எழுத ஒருத்திக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டு முகவரிச் சான்றுக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அரைகுறைக் கன்னடத்தில் தப்பாகப் பேசி, "பேசாம இங்கிலீஷ்லயே சொல்லுங்க" என்று அவர்கள் சொல்லக் கேட்டு நின்றவளுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

"அங்க இன்னா வேல பண்ற?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ரயில் வேலை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். தொம்மலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில்களுக்குக் கதவும் கட்டுப்பாடும் வடிவமைத்து உலக நகரங்களுக்கு விற்கிறோம். என் வேலை அபாயப் பதிவேடு. அந்த ரயிலில் மனிதருக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று யோசித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதுவேன். எண் கொடுத்துவிட்டால் அழிக்க முடியாது. "இந்த அபாயம் தீர்ந்தது" என்று காரணம் எழுதி, நான் கையெழுத்துப் போட்டால்தான் அது மூடப்படும்.

வரவேற்பறையில் சுவரளவு திரை ஒன்று நாள் முழுக்க எதிர்கால ரயிலைக் காட்டிக்கொண்டிருக்கும். ஹைட்ரஜனில் ஓடும் ரயில், காந்தத்தில் மிதக்கும் ரயில், கண்ணாடிக் குழாய்க்குள் பாயும் ரயில். ஊழியர் என்று ஒருவர்கூட இல்லாத நிலையங்கள். அந்தப் படங்களில் நடமாடுகிறவர்களுக்கு வியர்ப்பதில்லை. மூட்டை தூக்குவதில்லை. இடுப்பில் குழந்தை இல்லை. எல்லோருக்கும் ஒரே ஒரு தோள்பை. பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறேன். இப்போது அந்தத் திரையைப் பார்க்காமல் தலைகுனிந்து கடக்கிறேன். ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2

செடி வந்த அதே வாரம் என் மேலாளர் வெங்கட் கூப்பிட்டார். சென்னைக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"செல்வி, வடக்கு ஐரோப்பாவுல நம்மகிட்ட வாங்கப்போற அந்த சிட்டிக்கு ஒரு வீடியோ பண்றோம். ஆனேக்கல் ஷெட்ல டெஸ்ட் ரயில் ரெடி. நிஜப் பயணிங்க ஏறி இறங்கணும். நம்ம ஸ்டாஃப் வேணாம், ரொம்ப ஸ்டாஃப் மாதிரி இருக்காங்க. ரியல் பீப்பிள் யாராவது தெரியுமா?"

எனக்குத் தெரிந்த ரியல் பீப்பிள் சரோஜாக்கா. எங்கள் மாடியைத் துடைத்துக் கூட்டும் ஒப்பந்தப் பணியாளர். ஐம்பது வயது. அல்சூரில் பிறந்தவர், அவர் தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே மொழி மாதிரி வரும். நான் தப்பாகப் பேசும் கன்னடத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார்.

"ரயில்ல ஏறி எறங்கணும், அவ்ளோதானே? வர்றேன் மேடம். ஒரு நாளு இந்த ஃபினாயில் நாத்தத்துலேர்ந்து தப்பிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

ஒன்பது பக்க ஒப்புதல் படிவம் ஒன்று இருந்தது. அதைக் கணினியே தமிழாக்கியிருந்தது. பிளாட்ஃபார்ம் "மேடை" ஆகியிருந்தது, பயணி "வழிப்போக்கர்" ஆகியிருந்தார். "மேடையில் வழிப்போக்கரின் நடிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. சரோஜாக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

3

ஆனேக்கலுக்கு வெளியே, பெரிய தகரக் கொட்டகை. உள்ளே இருநூறு மீட்டர் தண்டவாளம், ஒரே ஒரு பெட்டி, பலகையால் அடித்த பிளாட்ஃபார்ம். சரோஜாக்கா வாடாமல்லி நிறத்தில் ஒரு சேலை கட்டி வந்திருந்தார். காமிராவில் கலையாமல் இருக்கட்டும் என்று தோளில் ஊக்கு குத்தியிருந்தார்.

பிளாட்ஃபார்மின் கோடியில் அவசர நிறுத்தப் பொத்தான். சோதனையின்போது அதன் பக்கத்தில் ஓர் ஆள் நின்றே தீர வேண்டும் என்பது விதி. கொட்டகையின் எலக்ட்ரீஷியன் முனிராஜு நின்றிருந்தார். ஆனேக்கல்காரர், நாற்பது வயதிருக்கும். வெங்கட்டுக்கு அவர் அங்கே நிற்பது பிடிக்கவில்லை.

"ஆளே இல்லாத ஸ்டேஷன்னு சொல்லிட்டு ஃப்ரேம்ல காக்கிச் சட்டை நின்னா எப்படி? உலகத்துல இனிமே எந்த பிளாட்ஃபார்ம்லயும் ஆள் கெடையாது. அதைத்தானே விக்கிறோம்!"

எனவே ஒரு நகரத்தின் வானம் வரைந்த பெரிய போர்டைக் கொண்டுவந்து முனிராஜுவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் அதன் பின்னால் போய்விட்டார். அந்த வானத்தின் ஓரத்தில் அவருடைய செருப்பு நுனி தெரிந்தது. அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மூன்று முறை எல்லாம் சரியாக நடந்தது. நான்காவது முறை சரோஜாக்கா இறங்கும்போது காமிராக்காரர் திரும்பிக் கையசைக்கச் சொன்னார். அவர் இறங்கி, திரும்பி, கையசைத்தார். முந்தானை நுனி இன்னும் பெட்டிக்குள் இருந்தது. கதவு அதன் மேல் மூடிக்கொண்டது. என் பக்கத்திலிருந்த திரையில் பச்சை விளக்கு எரிந்தது: "கதவு மூடியது. தடை எதுவும் இல்லை."

ரயில் நகர்ந்தது.

"அய்யோ, இழுக்குது! மேடம், இழுக்குது! நிறுத்தச் சொல்லுங்க!"

ஊக்கு குத்திய சேலை கழன்று வரவில்லை. அவர் முதலில் கூடவே நடந்தார், பிறகு ஓடினார், பிறகு முழங்காலில் விழுந்தார். வருடக்கணக்காக அவசரகால நடைமுறைகளை எழுதிவரும் நான், கையில் குறிப்பு அட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

அந்த வானம் தடாலென்று முன்னால் சாய்ந்தது. முனிராஜு அதை மிதித்துக்கொண்டு வந்து பொத்தானை அடித்தார். ரயில் நின்றது. பிளாட்ஃபார்ம் முடிய நாலைந்து அடிதான் மிச்சம்.

வெங்கட் முதலில் காமிராக்காரரிடம் கேட்டார், "ஆன்ல இருந்துச்சா?" அடுத்து முனிராஜுவிடம் திரும்பினார். "உன்னை யாருய்யா ஃப்ரேமுக்குள்ள வரச் சொன்னது?"

சரோஜாக்கா விழுந்ததால் அழுத்தினேன் என்று முனிராஜு தனக்குத் தெரிந்த கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "அம்மா பித்துட்டாங்க சார். அதுக்கு பட்டன் ஒத்தினேன்."

முதலுதவிப் பெட்டியின் சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. முனிராஜு தண்ணீரும் தன் துண்டும் கொண்டுவந்தார். சரோஜாக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தோல் உரிந்த முழங்காலைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். இருபதடி தள்ளி மதியச் சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. "ஜாமூன் சூடா இருக்கு, வாங்க" என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தட்டைக் கையில் வாங்கியபின்தான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

4

அந்த நேரத்தில் எனக்கு ஊர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. பழைய ரயில் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. கழிவறை நாற்றம், ஜன்னலில் வெற்றிலை எச்சில், ஓடும் வண்டியில் தொங்கி விழுந்தவர்கள், எல்லாம் உங்களுக்கும் தெரியும். எதற்கும் நான் ஏங்கவில்லை.

ஆனால் ஒன்று. எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினாள். படியில் கால் சிக்கிக்கொண்டது. கடைசிப் பெட்டியில் கொடியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கார்டு அங்கிருந்தே கத்தினார்: "ஏய், அறிவிருக்கா ஒனக்கு? கொழந்தையோட சாவறதுக்கா வந்த?" அம்மா ஏறி உள்ளே போகும்வரை பச்சைக் கொடியை அவர் உயர்த்தவில்லை. அந்த ஏச்சுக்காக அம்மா அவரை மன்னிக்கவேயில்லை. அவர் முரடர். ஆனால் பார்த்தார். நாங்கள் விற்கும் எதிர்காலத்தில் அவர் இடத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்கு விரல் தடிமனுக்குக் குறைந்த எதுவும் தெரியாது.

5

பத்து நாள் கழித்து வீடியோ என் மின்னஞ்சல் பெட்டிக்கு வந்தது. தமிழ் தெரிந்தவள் என்பதால் ஆங்கில வசன வரிகளைச் சரிபார்க்க வேண்டுமாம். ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். என் மகள் நிலா பக்கத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நிலாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் கன்னடம், தோழிகளோடு ஆங்கிலம், என்னோடு எப்போதாவது தமிழ். சொன்னால் ஓரளவு புரிந்துகொள்வாள். வேகமாகப் பேசினால் பாதிதான் புரியும்.

திரையில் இசை பொங்கியது. சரோஜாக்காவின் முகம் அருகில் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, கை மேலே இருந்தது. "இழுக்குது, இழுக்குது" என்ற குரல் இசைக்கு அடியில் மெலிதாகக் கேட்டது. கீழே வசன வரி: "எவ்வளவு மென்மையாக அழைத்துச் செல்கிறது!" அடுத்து "நிறுத்தச் சொல்லுங்க" என்றார். வரி: "நிறுத்தவே மனமில்லை!" அவர் முழங்காலில் விழுவதற்கு ஒரு நொடி முன் வெட்டிவிட்டார்கள். பிறகு ரயில் நிற்கும் காட்சி, அதன் மேல் பெரிய எழுத்தில்: "எங்கள் ரயில் பயணியை உணரும். தானே நிற்கும்."

முனிராஜு வீடியோவில் எங்குமே இல்லை.

"ஆன்ட்டி எவ்ளோ ஹேப்பியா இருக்காங்க!" என்றாள் நிலா.

நான் வீடியோவை நிறுத்தினேன். "நிலா, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு."

"அதான் கீழ போட்டிருக்கே மா."

"கீழ பாக்காத. கேளு."

இசையைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். அவள் தோசையை வைத்துவிட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவைதான் முகம் மாறியது. "ஸ்டாப்னு சொல்றாங்களா?"

"ஆமா."

"அப்போ ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?" என் பக்கம் திரும்பினாள். "நீ எதுவும் சொல்லலையா மா?"

என் பெண் தமிழைக் காதில் வாங்காமல் ஆங்கில வரியை நம்பினாள் என்பதில் எனக்கு வந்த ஆத்திரம், அந்தக் கேள்வியில் அப்படியே என்மேல் திரும்பிவிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டும் நான் சாப்பிடத்தானே போனேன்?

6

மறுநாள் வெங்கட் அறைக்குப் போனேன்.

"உங்களுக்குத் தமிழ் தெரியும், வெங்கட்."

"தெரியும், அதுக்கென்ன?"

"அவங்க சொன்னது உங்க காதுல விழலையா?"

"காதுல விழறது வேற, கன்டென்ட் வேற செல்வி. ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுங்க. எமோஷனல் ஆகாதீங்க."

"அது பொய்."

"மார்க்கெட்டிங். இருபது வருஷமா இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

இருக்கைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து புது எண் போட்டேன். "மெல்லிய துணியைக் கதவு உணரவில்லை. பயணி இழுத்துச் செல்லப்பட்டார். ரயில் நிறுத்தப்பட்டது." எழுதி முடித்ததும் பெரிய வீராங்கனை மாதிரி இருந்தது. முனிராஜுவின் பெயரை எழுதவில்லை. பெயர் போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், போர்டுக்குப் பின்னால் ஆளை ஒளித்துவைத்தது வெளியே வந்தால் எனக்கும் ஆபத்து. அன்று சோதனைக்கு ஒப்புதல் தந்து கையெழுத்துப் போட்டவள் நான்.

சரோஜாக்காவைத் தேடினேன். அவரை ஆறாவது மாடிக்கு வர வேண்டாம் என்று சொல்லி, அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நொண்டி நொண்டி நடந்தார். என் போனில் வீடியோவைக் காட்டி, வரிகளைத் தமிழில் சொன்னேன். துடைப்பத்தைத் தூணில் சாத்திவிட்டுக் கடைசிவரை பார்த்தார்.

"நான் வுழுந்தது கூட பேஜாரில்ல மேடம். வேலன்னா வுழறதுதான். நான் சிரிச்சேன்னு போட்டிருக்காங்க பாருங்க, அதான் கலீஜா இருக்குது."

பிறகு கேட்டார்: "அந்தப் பட்டன் அடிச்ச அண்ணன் எங்க? அவரக் காணோமே இதுல."

விசாரித்தேன். சம்பவம் நடந்த மறுநாளே முனிராஜுவை ஒப்பந்தக்காரர் கொட்டகையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் பெயரை எழுதாமல் காப்பாற்றியதாக நினைத்த வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

7

பதிவேட்டின் நகல் வாடிக்கையாளருக்கு மாதாமாதம் போகும். வெங்கட் என் பதிவை மூடச் சொன்னார். காரணத்தையும் அவரே எழுதி அனுப்பினார்: "உடையைக் கவனிப்பது பயணியின் பொறுப்பு." நான் கையெழுத்துப் போடவில்லை. மூடாமலே போனது.

அடுத்த வாரம் காணொளிக் கூட்டம். மறுமுனையில் அந்த நகரத்தின் பாதுகாப்பு அதிகாரி. நரைத்த தலை, அறுபது வயதை நெருங்கும் அம்மாள். வெங்கட் வீடியோவைப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் அந்த அம்மாள் புன்னகைக்கவில்லை. கையில் என் பதிவேட்டின் பக்கம் இருந்தது.

"ரயில் பயணியை உணர்ந்து தானே நின்றது என்கிறது உங்கள் வீடியோ. தடை எதுவும் இல்லை என்கிறது உங்கள் கணினிப் பதிவு. நிறுத்தப்பட்டது என்கிறது இந்தப் பதிவேடு. நிறுத்தியது யார்?"

வெங்கட் தொண்டையைச் செருமினார். "அது பல அடுக்குப் பாதுகாப்பு அமைப்பு..." என்று ஆரம்பித்தார்.

"யார்?" என்றார் அந்த அம்மாள் மறுபடியும்.

மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம். பேசியவள் நான், குரல் கீச்சென்று வந்தது.

"முனிராஜு. எங்கள் எலக்ட்ரீஷியன். வீடியோவில் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு போர்டுக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தோம். சோதனைக்கு ஒப்புதல் தந்தவள் நான்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். "எங்கள் ஊரில் குளிர்காலத்தில் எல்லோர் கழுத்திலும் துணி இருக்கும்" என்றார். "சின்னக் குழந்தைகளின் கையுறையில் கயிறு இருக்கும். எங்கள் பிளாட்ஃபார்மில் யாரை ஒளித்துவைப்பதாக இருக்கிறீர்கள்?"

கூட்டம் அதோடு முடிந்தது. சென்சாரை மாற்ற வேண்டும், அதே பயணியையும் அதே ஊழியரையும் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும், தங்கள் ஆள் நேரலையில் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. வெங்கட் என்னோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டார். இப்போது ஆங்கிலம்தான், அதுவும் மின்னஞ்சலில். ஆனால் புது விளம்பரத் தாளில் "மனிதனை மையமாகக் கொண்ட கதவு" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் முழங்காலையும் சரக்காக்க இவர்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முனிராஜுவுக்கு நானே போன் செய்தேன். ஓசூர் பக்கம் ஒரு கட்டடத்தில் வயரிங் வேலையில் இருந்தார்.

"வர்தேன் மேடம்" என்றார். "ஆனா அந்த போர்டு பேடா, வேணாம்."

8

மாற்றிய சென்சாரோடு போன வியாழக்கிழமை சோதனை நடந்தது. போர்டு இல்லை. முனிராஜு காக்கிச் சட்டையில், பொத்தான் மேல் கையை வைத்து, எல்லோரும் பார்க்க நின்றார். சரோஜாக்கா சுடிதாரில் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் பழைய சேலை ஒன்று.

சேலை நுனியைக் கதவில் விட்டு, மறுமுனையை இறுக்காமல் கையில் பிடித்தார். கதவு மூடி, உடனே திறந்துகொண்டது. திரையில் சிவப்பு விளக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். வெங்கட் நேரலைக் காமிராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"இன்னொருவாட்டி" என்றார் சரோஜாக்கா.

இரண்டாவது முறையும் திறந்தது. மூன்றாவது முறையும். "போதும்மா, முடிஞ்சுது" என்றார் வெங்கட். பல வாரம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த தமிழ்.

"இருங்க சார். நாங்க என்ன தெனமும் ஒரே மாதிரியா ஏறி எறங்குறோம்?"

நான்காவது முறை சேலையை மடித்து விட்டார். ஐந்தாவது முறை கீழே, படியை ஒட்டி விட்டார். இரண்டு முறையும் திறந்தது. சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆறாவது முறை அவர் குடத்துத் தண்ணீரில் சேலை நுனியை நனைத்தார், மழையில் நனைந்து வருகிறவள் பிழிவது மாதிரி முறுக்கிப் பிழிந்து, கயிறு மாதிரி ஆக்கிக் கதவிடுக்கில் விட்டார்.

கதவு மூடியது. திறக்கவில்லை. பச்சை விளக்கு. "தடை எதுவும் இல்லை."

ரயில் அசைந்தபோதே முனிராஜு பொத்தானை அடித்துவிட்டார். கதவில் மாட்டிய ஈரச் சேலையிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. சரோஜாக்கா மறுமுனையைக் கீழே போட்டுவிட்டு, நேராக என்னிடம் நடந்து வந்தார். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, நொண்டினார்.

"எழுதுங்க மேடம்" என்றார். "எம் பேரு, அவரு பேரு, ரெண்டும் போட்டு எழுதுங்க."

எழுதினேன்.